ரயிலில் துப்பாக்கி யாருக்காக?

அமெரிக்காவின் நியூயார்க் நகரத்து உழைக்கும் ஜனங்களுக்குச் சுரங்க ரயில்தான் கால். 2022 ஏப்ரல் 12 காலை, வேலைக்குப் போவோர் நெருக்கியடித்து நின்ற அந்த ரயிலில் ஒருவன் புகைக்குண்டு வீசி, 33 முறை சுட்டான். 10 பேர் குண்டடிபட்டனர்.

காயம் ஆறுமுன்னே, ஜூன் 23-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. துப்பாக்கியுடன் வெளியே நடமாடத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க்கின் நூறாண்டுக்கால விதி செல்லாதாம்! ஜூலை 1-ல் மாநில சட்டசபை கூடி, ரயிலிலும் பஸ்ஸிலும் துப்பாக்கியைத் தடை செய்தது. அதையும் எதிர்த்துக் கோர்ட் ஏறினார்கள் துப்பாக்கிப் பிரியர்கள்.

"தற்காப்புக்கு வேண்டும்" என்கிறார்கள். புகை சூழ்ந்த பெட்டியில் பத்துப் பேர் துப்பாக்கியை உருவினால், கொலைகாரன் யார், காப்பவன் யார் என்று குண்டுக்குத் தெரியுமா? 1984 டிசம்பரில் இதே ரயிலில், பணம் கேட்டார்கள் என்று நான்கு கறுப்பு இளைஞர்களை ஒரு வெள்ளையர் சுட்டார். ஒருவர் ஆயுள் முழுதும் முடமானார். 1987-ல் ஜூரிகள் கொலை முயற்சிக் குற்றத்திலிருந்து அவரை விடுவித்தனர். அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்ததே குற்றம் என்றனர். இதுதான் அவர்களது தற்காப்பின் லட்சணம்!

லாபம் யாருக்கு? துப்பாக்கிக் கம்பெனிகள் மீது பாதிக்கப்பட்டோர் நஷ்டஈட்டு வழக்குத் தொடுப்பதை 2005-லேயே சட்டம் போட்டுப் பெரும்பாலும் தடுத்துவிட்டார்கள். விற்ற பணம் முதலாளிக்கு. பாய்ந்த குண்டு பாட்டாளிக்கு.

வேலைக்குப் போனவர் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். அந்த உரிமைக்கு முன் எந்தத் துப்பாக்கி உரிமையும் நிற்காது. தடை நீடிக்க வேண்டும் என்பதே நமது கருத்து.