சம்மர்ஹில்: கேலி பேசுவோருக்கு

ஏ. எஸ். நீல் 1921இல் தொடங்கிய சம்மர்ஹில் பள்ளியை, வகுப்புக்கு வராது திரியும் பிள்ளைகளின் கூடாரமென ஏளனம் செய்வோரை நாம் மறுக்கிறோம். இங்கிலாந்தின் லெய்ஸ்டனில் இருபாலரும் தங்கிப் பயிலும் அப்பள்ளியில் பாடம் கட்டாயமில்லை, விதிகளோ ஏராளம். அவற்றைப் பள்ளிக் கூட்டமே வாக்களித்து இயற்றுகிறது. சிறுவனுக்கும் ஆசிரியருக்கும் ஒரே வாக்கு.

1999இல் ஆய்வாளர் அறிக்கையைக் காட்டி அரசு அதன் மீது பாய்ந்தது. வழக்கு 2000இல் சமரசத்துக்கு வந்தபோது, மாணவர்கள் நீதிமன்ற அறையிலேயே கூடி விவாதித்து, வாக்களித்து அதை ஏற்றனர். இதனினும் சிறந்த குடிமைப்பாடம் எது?

நம் குறை வேறு: இச்சுதந்திரத்துக்குக் கட்டணம் உண்டு. வசதியுள்ளோர் மட்டுமே வாங்கக்கூடியதை முழு விடுதலை என நாம் ஒப்போம். கேலி பேசுவோரே, ஒழிய வேண்டியது அப்பள்ளியன்று. அதன் வாயிலில் நிற்கும் அக்கட்டணமே.