கம்பிச் சுருளில் கரையும் காசு

ஆயுத பூஜை அன்று ஒரகடத்துப் பட்டறைகளில் எந்திரங்கள் ஓய்வு எடுக்கும். சந்தனம், குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துவிட்டுத் தொழிலாளிகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சத்தமே இருக்காது.

ஆனால் வாசல் ஓரம், வேலிக்குள் நிற்கும் டிரான்ஸ்பார்மர் மட்டும் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே இருக்கும்.

அதற்கு விடுமுறை கிடையாது. ஒரு விளக்குகூட எரியாவிட்டாலும் அது கொஞ்சம் மின்சாரம் தின்னும். தின்றது சூடாகிக் காற்றோடு போய்விடும். அதற்கும் யாரோ ஒருவர் பணம் கட்டித்தான் ஆகவேண்டும். தொழிற்சாலையின் சொந்த டிரான்ஸ்பார்மர் என்றால் முதலாளி. தெருவில் நிற்பது என்றால் மின்வாரியம். அதாவது, ஊர் மக்கள்!

உள்ளே என்ன இருக்கிறது?

மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த ஒரு சட்டம். அதன்மேல் இரண்டு கம்பிச் சுருள்கள். அவ்வளவுதான். ஒரு சுருளுக்கும் இன்னொரு சுருளுக்கும் தொடர்பு இல்லை. முதல் சுருளில் மின்சாரம் ஓடினால் இரும்பு காந்தமாகிறது. அந்தக் காந்தம் இரண்டாவது சுருளில் மின்சாரத்தை எழுப்புகிறது. இந்த அதிசயத்தை 1831-ம் ஆண்டில் இங்கிலாந்தில் கண்டு சொன்னவர் மைக்கேல் பாரடே. 11 ஆயிரம் வோல்ட்டாக வரும் மின்சாரம் வீட்டு விளக்குக்கு ஏற்றபடி இறங்கி வருவது இந்த வழியில்தான்.

நஷ்டம் இரண்டு இடங்களில் ஏற்படுகிறது.

ஒன்று, இரும்பில். காந்தம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக மாறி மாறிச் சுழல்வதால் இரும்பு சூடாகிறது. ஆயுத பூஜை அன்றும் நடப்பது இந்த நஷ்டம்தான்.

இன்னொன்று, கம்பியில். இது சுமையைப் பொறுத்தது. கம்பியில் ஓடும் மின்சாரம் இரண்டு மடங்கு ஆனால், சூடு இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது!

நஷ்டத்தைக் குறைக்க வழி உண்டு. நல்ல தகடு போடவேண்டும். கம்பியைத் தடிமனாகப் போடவேண்டும். சுற்றின் நீளம் வீணாகக் கூடாதபடி நெருக்கமாகச் சுற்றவேண்டும்.

"அப்படியானால் எல்லோரும் தடிமனான கம்பியே போடலாமே?" என்று கேட்கலாம். செம்பு விற்கிற விலையில் யார் போடுவார்கள்? கம்பி தடித்தால் இரும்புச் சட்டமும் பெரிதாகும், எண்ணெய்த் தொட்டியும் பெரிதாகும். விலை ஏறும்.

இதற்கு 1881-ம் ஆண்டிலேயே ஒரு விஞ்ஞானி கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். பின்னாளில் கெல்வின் பிரபு என்று பட்டம் பெற்ற வில்லியம் தாம்சன்தான் அவர். கம்பிக்குப் போட்ட பணத்துக்கு ஆண்டு வட்டி எவ்வளவு என்று பார். கம்பியில் ஓர் ஆண்டில் வீணாகும் மின்சாரத்தின் விலை எவ்வளவு என்று பார். இரண்டும் சமமாகும் அளவே சரியான தடிமன். மளிகைக் கடைக்காரர் போடும் கணக்குத்தான் இது.

இந்தக் கணக்கு இந்த வட்டாரத்துக்குப் புதிது அல்ல. ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில், நோக்கியா 2006-ல் தொடங்கி 2014-ல் மூடிய கைப்பேசித் தொழிற்சாலை இருக்கிறது. அதை எடுத்துக்கொள்வதாக 2019-ல் அறிவித்தது, சார்ஜர் செய்யும் சால்காம்ப் நிறுவனம். சார்ஜருக்குள்ளும் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரியது. அங்கே காந்தம் மாறுவது 50 முறை அல்ல. வினாடிக்குப் பல பத்தாயிரம் முறை, லட்சம் முறைகூட!

அந்த வேகத்தில் மின்சாரம் கம்பியின் நடுவில் ஓடாது. மேல்தோலில் மட்டுமே ஓடும். லட்சம் முறை என்றால், அந்தத் தோலின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். தடிமனான கம்பி போட்டால் நடுச்செம்பு தண்டம்.

ஆகவே, மயிரிழை போன்ற எனாமல் கம்பிகளைத் தேர்வடம்போல முறுக்கிச் சுற்றுகிறார்கள். முதல் சுருளில் பாதி, அதன்மேல் இரண்டாவது சுருள், மறுபடி முதல் சுருளின் மீதி என்று அடுக்கிச் சுற்றுவதும் உண்டு. செம்பைக் கூட்டாமலே நஷ்டம் குறைகிறது.

இந்த அக்கறை தானாக வந்ததா? சட்டத்தாலும் வந்தது. பழைய கனமான சார்ஜர்கள் சும்மா மாட்டிக் கிடந்தாலே ஒரு வாட், இரண்டு வாட் தின்றன. சும்மா கிடக்கும் சிறிய சார்ஜர் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்னக்கூடாது என்று ஐரோப்பிய நாடுகள் 2020-ல் விதியை அமலாக்கின. அங்கே விற்க விரும்பியவர்கள் சுருளைத் திருத்தினார்கள்.

டிரான்ஸ்பார்மருக்கு இந்தியாவிலும் விதி உண்டு. 2014-ம் ஆண்டு தர நிர்ணயத்தில் மூன்று படிகள் வைத்தார்கள். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் பாதிச் சுமையில் 520 வாட் வரை இழக்கலாம் என்பது முதல் படி. 435 வாட்டுக்குள் நிற்கவேண்டும் என்பது மூன்றாம் படி.

வித்தியாசம் 85 வாட். "ப்பூ, ஒரு பழைய குண்டு பல்புதானே!" என்று தோன்றும். அந்தப் பல்பு இரவும் பகலும் எரிந்தால் ஆண்டுக்கு 745 யூனிட் ஆகிறது. யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5 ஆயிரத்து 200 ரூபாய். 25 ஆண்டில் 1 லட்சத்து 30 ஆயிரம்!

நஷ்டத்துக்கும் விலை போட்டு, கொள்முதல் விலையோடு கூட்டிப் பார்த்து வாங்கும் முறை மின்துறையில் பழக்கத்தில் இருப்பதுதான். சிறு தொழில் நடத்துகிறவர்களிடம்தான் அது பரவவில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய டிரான்ஸ்பார்மரை வாங்கி நிறுத்துவது, பால் கறக்காத மாட்டை மலிவு என்று ஓட்டி வருவதற்குச் சமம். தீனி மட்டும் குறையாது.

இதைவிட மோசம், எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் இடத்தில் நடப்பது. டிரான்ஸ்பார்மருக்கும் இதே கதைதான். புதிதாக வாங்கும்போது தரம் பார்க்க முத்திரை இருக்கிறது. திருப்பிக் கட்டும்போது என்ன இருக்கிறது? ஒரு கேஜ் மெல்லிய கம்பி போட்டால் செம்பு மிச்சம். கூலியும் குறைவாகச் சொல்லலாம். மோட்டார் சுழலத்தான் செய்யும். அதிகமாகச் சூடாவதும், மறுபடி சீக்கிரம் எரிவதும் பிறகுதானே தெரியும்! எல்லாப் பட்டறையும் இப்படி அல்ல. பழைய சுற்றை எண்ணி, கேஜ் அளந்து, அதே அளவில் கட்டித் தரும் கைத்திறன்காரர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால், நல்லவரையும் மற்றவரையும் பிரித்துப் பார்க்க வாடிக்கையாளருக்கு ஒரு வழி வேண்டும்.

திருப்பிக் கட்டிய எந்திரத்தின் நஷ்டத்தை அளந்து, சீட்டில் எழுதிக் கொடுப்பதை அரசு கட்டாயமாக்கலாம். அது வரும்வரை, ரசீதில் இரண்டு எண்களைக் கேட்டு வாங்கலாம். அவிழ்த்த கம்பி எத்தனை கிலோ? கட்டிய கம்பி எத்தனை கிலோ?

தராசு இல்லாத பட்டறை கிடையாது. பழைய செம்பை எடைபோட்டு விற்கிறார்களே!