பிளேன்ல பிள்ளை அழட்டும்

"பிள்ள பிளேன்ல அழுதுரக் கூடாது பாத்துக்கிடுங்க. தூங்க வைக்க ஒரு மருந்து எழுதித் தாங்க."

ஓபியில இந்தக் கேள்வி தவறாம வரும். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த பொண்ணு, நாலாம் மாசமோ அஞ்சாம் மாசமோ கைப்பிள்ளையோட துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ திரும்பும். மேலப்பாளையம், கடையநல்லூர், அம்பாசமுத்திரம், எந்த ஊரா இருந்தாலும் இதான் கதை. கேக்குறது பெரும்பாலும் கூட வந்த பாட்டி. அம்மாக்காரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிப்பா.

நான் எழுதித் தர மாட்டேன். ஏன்னு கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கோங்க.

ராத்திரி டூட்டியில ஒரு தடவை ஆறு மாசப் பிள்ளை ஒண்ணைத் தூக்கிட்டு வந்தாங்க. (அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) மறுநாள் திருவனந்தபுரத்துல ஃபிளைட். தெருமுனை மெடிக்கல்ல ஒரு சளி சிரப் வாங்கியிருக்காங்க. "தூங்குதானான்னு ட்ரையல் பாத்தோம் டாக்டர்." வீட்டு ஸ்பூன்ல ஒண்ணு. அரை மணி நேரத்துல தூங்கலைன்னு இன்னொண்ணு.

பிள்ளை நனைஞ்ச துணி மாதிரி தோள்ல கிடந்துச்சு. உள்ளங்கால்ல சுண்டுனா முகம் மட்டும் லேசா சுளிக்குது. பால் கொடுத்தா சப்பல. ஆக்சிஜன் வச்சுட்டு விடிய விடிய மூச்சை எண்ணிக்கிட்டு இருந்தோம். காலையில ஒரு அழுகை அழுதான் பாருங்க, வார்டே சிரிச்சுது. அந்த அழுகையை நிறுத்தத்தான் அவங்க காசு கொடுத்து பாட்டில் வாங்கியிருந்தாங்க.

இது தரையில, ஆஸ்பத்திரி பத்து நிமிஷ தூரத்துல இருக்கும்போது நடந்தது. நடு வானத்துல, அரபிக்கடலுக்கு மேல நடந்திருந்தா?

விமானத்துக்குள்ள இருக்கிற காத்தழுத்தம் தரையில இருக்கிற மாதிரி இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயர மலை மேல இருக்கிற மாதிரிதான், கிட்டத்தட்ட ஊட்டின்னு வச்சுக்கோங்க. அந்த 8,000 அடியில ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன், தரையில 21 சதவீதத்துக்குப் பதிலா 15 சதவீதம் இருந்தா எவ்வளவோ அவ்வளவுதான். நிறைமாசத்துல பிறந்த, நல்லா இருக்கிற பிள்ளை இதைத் தாங்கிக்கும். ஆனா மூச்சு விடச் சொல்ற மூளையையே மருந்து கொடுத்து மந்தமாக்கி அங்க ஏத்துறது எந்த வகையில நியாயம்?

சரி, அந்த பாட்டில்ல என்னதான் இருக்கு? தூக்கம் வர்றதுக்குன்னு கொடுக்கிற சிரப் நிறையதுல குளோர்பெனிரமின் இருக்கும், கூடவே ஃபினைலெஃப்ரின். இந்தக் கலவையை நாலு வயசுக்குக் கீழ கொடுக்கக் கூடாதுன்னு லேபிள்லயே அச்சடிக்கணும்னு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பர்ல உத்தரவு போட்டுச்சு. இன்னொண்ணு புரோமெத்தசின். ரெண்டு வயசுக்குக் கீழ கொடுத்து மூச்சு அடங்கிச் செத்த பிள்ளைங்க இருக்காங்கன்னு அமெரிக்காவோட எஃப்டிஏ 2004லயே கட்டம் கட்டி எச்சரிச்ச மருந்து அது. நம்ம ஊர்ல "டிராவலுக்கு நல்லது"ன்னு கைக்குக் கை மாறுது.

2025ல கோல்ட்ரிஃப் சிரப் விவகாரம் ஞாபகம் இருக்கா? நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான சிரப். மத்தியப் பிரதேசத்துல 20க்கும் மேல குழந்தைங்க போய்ச் சேர்ந்தாங்க. அதுல கலந்திருந்தது டைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற விஷம், அது தனிக் கதை. அப்போ மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் ஒரு அறிவுரை விட்டுச்சு: ரெண்டு வயசுக்குக் கீழ இருமல், சளி மருந்து எழுதவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. சளி பிடிச்ச பிள்ளைக்கே கூடாதுங்கிறப்போ, சளியே இல்லாத பிள்ளைக்கு எதுக்கு?

"மருந்து வேண்டாம்னா ஜாதிக்காய் உரசி நாக்குல தடவலாம்லா?" வேண்டாம் பாட்டி. அதுவும் அதே வேலையைச் செய்யத்தான் கொடுக்கிறீங்க. எவ்வளவு உள்ள போகுதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்னொரு கொடுமை, தூங்க வச்சா காது வலி கூடத்தான் செய்யும். மணிமுத்தாறுல இருந்து மாஞ்சோலைக்கு பஸ்ல போனவங்களுக்குத் தெரியும். வளைவு ஏற ஏற காது அடைக்கும், எச்சில் முழுங்கினா 'டப்'னு திறக்கும். காதுக்கும் தொண்டைக்கும் நடுவுல இருக்கிற குழாய் செய்யுற வேலை அது. விமானம் ஏறும்போது உள்ள இருக்கிற காத்து ஓரளவு தானா வெளிய வந்துரும். இறங்கும்போது குழாய் திறந்தாத்தான் காத்து உள்ள போகும். முழுங்கணும், கொட்டாவி விடணும், இல்ல அழணும். மருந்துல மயங்கிக் கிடக்கிற பிள்ளை எங்க முழுங்கும்? அதனால இறங்கும்போது பிள்ளை வீறிட்டு அழுதா, காதுக்கு வேண்டிய வேலையை அதுவே செஞ்சுக்கிடுதுன்னு அர்த்தம்.

இப்போ உண்மையான குற்றவாளிங்களுக்கு வர்றேன். பாட்டியும் இல்ல, அம்மாவும் இல்ல. முன்சீட்டுல இருந்து திரும்பித் திரும்பிப் பாத்து "ச்ச்"ங்கிறீங்களே, நீங்கதான். "பிள்ளையை வீட்ல விட்டுட்டு வர வேண்டியதானே"ன்னு போஸ்ட் போட்டு லைக் வாங்குறீங்களே, நீங்கதான். அந்தப் பொண்ணு ஓபியில தலைகுனிஞ்சு நின்னது உங்க முறைப்புக்குப் பயந்துதான். அந்த ஆறு மாசப் பிள்ளைக்கு ரெண்டாவது ஸ்பூன் ஊத்தினதுல உங்க கையும் இருக்கு.

2016ல இண்டிகோ சில வரிசைகள்ல 12 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு இடம் கிடையாதுன்னு அறிவிச்சுது. தள்ளி உக்காரணும்னா உக்காருங்க, இயர்போன் மாட்டுங்க, எனக்கு ஆட்சேபனை இல்ல. பிள்ளையோட அம்மாவைக் குற்றவாளி மாதிரி பாக்காதீங்க.

நெல்லை எக்ஸ்பிரஸ்ல பிள்ளை அழுதா என்ன நடக்கும்? எதிர் சீட்டு அக்கா "கொண்டா இங்க"ன்னு வாங்கி மடியில போடும். யாராவது சேலையைக் கட்டித் தூளி போட இடம் கொடுப்பாங்க. அதே ஊர் ஆளு பிளேன்ல ஏறினதும் எப்படி மாறிடறார்னு எனக்குப் புரியல. (டிக்கெட் விலை ஜாஸ்தி, அதுக்காகவா?)

வாகைக்குளத்துல புது டெர்மினல் 2025 ஜூலையில திறந்தாச்சு. 1,350 மீட்டர் ரன்வே 3,115 மீட்டர் ஆயிருக்கு. இனி இந்தப் பக்கத்துக் கைப்பிள்ளைங்க இன்னும் நிறைய பறக்கத்தான் போகுது. அதனால அம்மாக்களுக்குச் சில விஷயம்.

தாய்ப்பால் போதும். விமானம் இறங்கத் தொடங்குறது தரை தொடுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி, அப்பவே கொடுக்க ஆரம்பிங்க. சக்கரம் தரையைத் தொடுறப்போ கொடுத்தா லேட். பிள்ளை தூங்கினா அந்த நேரத்துக்கு எழுப்பிருங்க. ஜன்னல் சீட்டு கேட்டு வாங்குங்க, கூச்சமா இருந்தா ஒரு துப்பட்டா. பக்கத்து சீட்டு அண்ணாச்சி, நீங்க ஃபோனைப் பாருங்க. புட்டிப்பால் குடிக்கிற பிள்ளைன்னா, 100 மில்லி கட்டுப்பாடு பிள்ளையோட பாலுக்குக் கிடையாது, செக்யூரிட்டில எடுத்துச் சொல்லுங்க.

மூக்கடைப்பு, காது வலி, காய்ச்சல் இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி காட்டுங்க. குறைமாசத்துல பிறந்திருந்தா, பிறந்தப்போ ஆக்சிஜன் வச்சிருந்தா, இதயத்துலயோ நுரையீரல்லயோ பிரச்சனைன்னு சொல்லியிருந்தா, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே டிஸ்சார்ஜ் சம்மரியோட குழந்தைகள் டாக்டரைப் பாருங்க. ஏற்கனவே ஏதாவது சிரப் கொடுத்துட்டு பிள்ளை எழுப்ப எழுப்ப எழும்பலைன்னா, ஃபிளைட்டை விட்டுருங்க, 108க்குக் கூப்பிடுங்க. பாட்டிலைக் கையோட கொண்டு வாங்க, திட்ட மாட்டோம்.