கரித்தூள் போட்டதும் கத்திரி மஞ்சளானது ஏன்?

‘வீட்டுத் தோட்டம் மணல் மண். தண்ணீர் நிற்பதே இல்லை. ஈரம் காக்கும் என்று சொன்னதால், கரிமூட்டத்தில் இரண்டு மூட்டை கரித்தூள் வாங்கிப் போட்டோம். கத்திரிச்செடிகள் மஞ்சளாகிவிட்டன. பிடுங்கிவிடலாமா?’
- வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்.

பிடுங்க வேண்டாம். கரித்தூள் நல்ல பொருள்தான். வெறுமனே போட்டதுதான் தவறு. கரி முழுக்க நுண்துளைகள். அவை தண்ணீரைப் பிடித்துவைப்பது போலவே, மண்ணிலுள்ள தழைச்சத்தையும் முதலில் இழுத்துக்கொள்ளும். அடி இலைகள் மஞ்சளானால் காரணம் இதுவே. ஒரு லிட்டர் மாட்டுக் கோமியத்தை 10 லிட்டர் தண்ணீரில் கலந்து, வாரம் ஒருமுறை வேரடியில் ஊற்றலாம். புதுத் தளிர் பச்சையாக வரும்.

நுனி இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் விஷயம் வேறு. மூட்டத்துத் தூளில் சாம்பல் அதிகம். அது மண்ணின் காரத்தன்மையைக் கூட்டி, இரும்புச்சத்து கிடைக்காமல் செய்துவிடும். அப்போது மக்கிய தொழுவுரம் கொடுக்க வேண்டும், மேற்கொண்டு கரி கூடாது. களர் நிலத்துக்காரர்கள் இதை இரண்டு முறை யோசிப்பது நல்லது.

அடுத்த முறை தூளைச் சலித்து, சாம்பலை நீக்கிவிட வேண்டும். ஒரு கூடை கரிக்கு நான்கைந்து கூடை மக்கிய சாணி எருவைக் கலந்து, கோமியம் தெளித்து, நிழலில் ஈரம் காயாமல் ஒரு மாதம் மூடிவைத்தால் போதும். அதன்பின் பாத்தியில் கலக்கலாம். தூளை நனைத்தே கையாள வேண்டும். காய்ந்த தூள் நெஞ்சுக்கு ஆகாது. பெயின்ட் அடித்த மரம், பிளைவுட் எரித்த கரி வேண்டவே வேண்டாம். கரி பல வருடம் மண்ணில் கிடக்கும், பட்டத்துக்குப் பட்டம் போடத் தேவையில்லை. எருதான் ஒவ்வொரு பட்டத்துக்கும் தேவை.