பாரியோவுக்குப் போங்கள், ஊரார் வீட்டில் தங்குங்கள்

விடுமுறை என்றதும் ஜொகூரின் தெப்ராவ் குடும்பங்களுக்குக் கெந்திங்கும் கேமரன் மலையும்தான் நினைவுக்கு வரும். சரவாக்கின் கெலாபிட் மலைநாட்டில், ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்திலுள்ள பாரியோவையும் எண்ணிப்பார்க்க வேண்டும். மீரியிலிருந்து சிறு விமானத்தில் போகலாம். அங்கே பா ஊமோர் கிராமத்தில் உப்பு ஊற்றின் நீரை விறகடுப்பில் காய்ச்சி, கிடைக்கும் உப்பை மூங்கிலில் அடைத்துச் சுட்டு, இலையில் பொதிந்து விற்கிறார்கள்.

வெளியார் வந்தால் பண்பாடு கெடும் என்பது நியாயமான அச்சம்தான். ஆனால், படிப்புக்கும் வேலைக்கும் பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விடுகிறார்களே! வயலுக்கும் உப்படுப்புக்கும் ஆள் வேண்டாமா? பயணிகளால் ஊரிலேயே வருமானம் கிடைத்தால்தான் சிலராவது தங்குவார்கள். அந்தப் பணம் வெளியூர் முதலாளிக்குப் போனால் பயனில்லை. ஆகவே கெலாபிட் குடும்பங்களின் வீடுகளிலேயே தங்குங்கள். பாரியோ அரிசியை விளைவித்தவர்களிடமே, பேரம் பேசாமல் வாங்குங்கள்.