சித்தப்பா வேலை மாறலாமா?

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாலே நம்ம ஹாஸ்டல்ல ஒரே பேச்சுதான். எந்த கம்பெனி எவ்வளவு தருது, ரெண்டு வருஷம் கழிச்சு எங்க தாவலாம், பாண்ட் போட்டிருக்கானா இல்லையா. இன்னும் சேரவே இல்லாத வேலையில இருந்து எப்படி விலகணும்னு நமக்கு அத்துப்படி. எங்க சித்தப்பா பத்தொன்பது வருஷமா லாரி ஓட்டுறாரு. அவரு வேலை மாறணுமான்னு போன லீவுல வீட்ல பேச்சு வந்தப்போ, எனக்குத் தெரிஞ்ச எந்தக் கணக்கும் முழுசா உதவல. அதைப் பத்திதான் இந்தக் கட்டுரை.

சித்தப்பாவுக்கு வயசு 47. நேஷனல் பெர்மிட் வண்டி. நம்ம மாவட்டத்து ரப்பர் ஷீட்டை ஏத்திக்கிட்டு ஜலந்தர் வரைக்கும் போவாரு. நம்ம ஊர் வழியா போற அந்த 44-ஆம் எண் நெடுஞ்சாலை இருக்கே, கன்னியாகுமரியில இருந்து காஷ்மீர் வரைக்கும் போறது, அதுதான் அவருக்கு ஆபீஸ். ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டினா "வேலைக்குச் சேர்ந்தாச்சு"ன்னு சொல்லுவாரு. முப்பந்தல் காத்தாடி கண்ணுல பட்டா "ரிலீஸ் ஆயாச்சு". ஒரு தடவை போய்ட்டு வர இருபத்தி நாலு நாள் ஆகும். அங்க போய் ரிட்டர்ன் லோடுக்குக் காத்துக்கெடந்தா அதுக்கும் மேல.

இப்போ அவரு முன்னால மூணு வழி இருக்கு. ஒண்ணு, இருக்கற வண்டியிலயே இருக்கறது. ரெண்டு, விழிஞ்ஞம் பக்கம் கல்லு, எம்-சாண்ட் ஏத்துற டாரஸ் லாரி. தினமும் வீட்டுக்கு வந்துரலாம். மூணு, ஒரு தனியார் காலேஜ் பஸ். சவுதி டிரெய்லர் விசான்னு நாலாவதா ஒண்ணை மாமா எடுத்துவிட்டாரு. ஏஜென்ட் கேட்ட தொகையைக் கேட்டதுமே சித்தி எழுந்து அடுக்களைக்குப் போயிட்டாங்க, பேச்சு அதோட முடிஞ்சுது. அரசு பஸ்ஸுக்கும் வழியில்ல. 2025-ல அரசுப் போக்குவரத்துக் கழகங்கள்ல 3,274 ஓட்டுநர்-நடத்துநர் இடத்துக்கு அறிவிப்பு வந்துச்சு. ஆனா சித்தப்பா வயசு வரம்பைத் தாண்டியாச்சு.

நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். சும்மா இருப்பேனா? லேப்டாப்பைத் தொறந்து எக்செல்ல போட்டேன். லாரியில அவரு கைக்கு வர்றது, வழிச்செலவு போக, ஒரு ட்ரிப்புக்கு 28,000 ரூபாய். ஒரு நாளைக்கு 13 மணி நேரம் ஸ்டீயரிங்ல இருக்காருன்னு வெச்சா 24 நாளைக்கு 312 மணி நேரம். மணிக்கு 90 ரூபாய் கூட வரல. காலேஜ் பஸ் சம்பளம் 17,000. காலையில ரெண்டரை மணி, சாயந்தரம் ரெண்டரை மணி, மாசத்துக்கு 26 நாள், ஆக 130 மணி நேரம். மணிக்கு 130 ரூபாய். "பஸ்ஸுதான் சித்தப்பா லாபம்"னு திரையைத் திருப்பிக் காட்டினேன்.

அவரு ரொம்ப நேரம் பார்த்தாரு. "கணக்கு சரிதான் மக்கா. ஆனா லோன்காரன் மாசக்கணக்குலதானே வாறான், மணிக்கணக்குலயா வாறான்?"

வீட்டு லோன் தவணை மட்டும் 11,000. தங்கச்சி பன்னெண்டாம் வகுப்பு, அடுத்த வருஷம் காலேஜ். 17,000-ல தவணை போனா மிச்சம் 6,000. என் எக்செல்ல அந்த வரி இல்லவே இல்ல.

இது போக முன்பணம்னு ஒண்ணு இருக்கு. வீட்டுக்கு கான்கிரீட் போட்டப்போ முதலாளிகிட்ட வாங்கினதுல 40,000 இன்னும் பாக்கி. அது அடைஞ்சாதான் வண்டிச் சாவியைக் குடுக்க முடியும். நாம கம்பெனி பாண்டை ஏதோ பெரிய அடிமைச் சாசனம் மாதிரி மீம் போடுறோம். அதுல தேதி, தொகை, கையெழுத்து எல்லாம் இருக்கு, வக்கீல்கிட்ட காட்டலாம். சித்தப்பாவோட பாண்ட் ஒரு நாற்பது பக்க நோட்டுல, முதலாளி கையெழுத்துல, பேனாவால எழுதின ரெண்டு வரி. நோட்டீஸ் பீரியடும் இல்ல, ரிலீவிங் லெட்டரும் இல்ல. பத்தொன்பது வருஷம் ஓட்டினேன்னு நிரூபிக்க லைசென்ஸைத் தவிர ஒரு துண்டுக் காகிதம் அவருகிட்ட கெடையாது.

டாரஸ் விஷயத்துக்கு வாறேன். எங்க வீட்ல எல்லாருக்கும் பிடிச்சது இதுதான். விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-ல முறைப்படி திறந்தாச்சு. கடலுக்குள்ள கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் அலைத்தடுப்புச் சுவர் போட்டிருக்காங்க, அடுத்த கட்டத்துல அதை இன்னும் நீட்டணும். அதனால கல்லுக்குத் தேவை குறையாது. களியக்காவிளை தாண்டினா கொஞ்ச தூரம்தான், ராத்திரி வீட்ல சோறு. கேக்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா எனக்கு இதுலதான் உடன்பாடு இல்ல. சம்பளம் நடைக்கணக்கு. ரெண்டு நடை அடிச்சா இவ்வளவு, மூணாவது அடிச்சா கூடுதல். பள்ளிக்கூட நேரத்துல கனரக வண்டிக்கு ரோட்ல கட்டுப்பாடு வெச்சிருக்காங்க. வெக்கவும் வேணும், அந்தக் குறுகலான ரோட்ல சைக்கிள்ல போற பிள்ளைங்களுக்கு வேற என்ன பாதுகாப்பு? ஆனா ஒதுங்கி நிக்கற அந்த நேரத்துக்கு டிரைவருக்கு யாரும் காசு தர்றதில்ல. தடை முடிஞ்ச உடனே விட்டதைப் பிடிக்க மிதிப்பான். நாகர்கோவில்ல இருந்து மார்த்தாண்டம் வழியா போற ரோட்டைப் பார்த்தவங்களுக்கு நான் விளக்க வேண்டாம். நாலு வழிச்சாலை வேலை வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டு கெடக்கு. டாரஸ் டிரைவர்களை நாம ரோட்ல திட்டுறோம், நானும் திட்டியிருக்கேன். நடைக்கூலின்னு ஒண்ணு இருக்கற வரைக்கும் எவ்வளவு நிதானமான ஆளை அந்த சீட்ல உக்கார வெச்சாலும் மூணு மாசத்துல அவனும் அப்படித்தான் ஓட்டுவான். சித்தப்பா அப்படி மாறிறக் கூடாதுன்னு எனக்கு பயம்.

அப்போ பழைய வண்டியிலயே இருக்கலாமே? அங்க பிரச்சினை உறக்கம். முன்னாடி நேஷனல் பெர்மிட் வண்டிக்கு ரெண்டு டிரைவர் கட்டாயம்னு விதி இருந்துச்சு, 2018-ல அதை எடுத்துட்டாங்க. கிளீனர் வைக்கறதையும் முதலாளி நிறுத்தி ரொம்ப நாளாச்சு. சித்தப்பா தனி ஆளு. எட்டு மணி நேரம்தான் ஓட்டணும், அஞ்சு மணி நேரத்துக்கு ஒருக்கா அரை மணி ஓய்வு வேணும்னு 1961-லயே மோட்டார் தொழிலாளர் சட்டத்துல எழுதியாச்சு. இதைச் சொன்னப்போ அவரு சிரிக்கவே இல்ல, "அப்பிடியா"ன்னு மட்டும் கேட்டாரு. அவரு பொறக்கறதுக்கு முன்னாலயே வந்த சட்டம்.

போன வருஷம் நாக்பூர் தாண்டி ஒரு ராத்திரி, கண்ணு தொறந்தபடியே உறங்கியிருக்காரு. ரோட்டோர மண்ணுல டயர் இறங்கின சத்தத்துல முழிச்சு பிரேக் அடிச்சாரு. ஒண்ணும் ஆகல. இதை எங்க அப்பாகிட்ட மட்டும்தான் சொன்னாரு, சித்திக்குத் தெரியாது. (சித்தி இந்த இதழைப் படிக்க மாட்டாங்கங்கற தைரியத்துலதான் எழுதுறேன்.)

2025 அக்டோபர் 1-க்கு அப்புறம் தயாராகிற பெரிய லாரிகளுக்கெல்லாம் கேபின்ல ஏ.சி. கட்டாயம்னு ஆயிருக்கு. நல்ல விஷயம். மே மாசம் ஆந்திரா தாண்டும்போது எஞ்சின் சூட்டுல கால் வெந்துபோகும்னு சித்தப்பா சொல்லுவாரு. ஆனா முதலாளி புது வண்டி எடுத்தாதானே? ஏ.சி. வந்தா சூடு குறையும், இன்னொரு டிரைவர் கெடைக்க மாட்டாரு.

என் ரூம்மேட் வேற ஒண்ணு சொன்னான். "இன்னும் பத்து வருஷத்துல டிரைவரே வேண்டாம்டா, இப்பவே மாறச் சொல்லு." அமெரிக்காவுல டல்லாஸ்ல இருந்து ஹூஸ்டனுக்கு அரோரான்னு ஒரு கம்பெனி 2025-ல ஆளில்லாம சரக்கு லாரி ஓட்ட ஆரம்பிச்சிருக்கு, உண்மைதான். அந்த வண்டியை ஒரு நாள் சாயந்தரம் மார்த்தாண்டம் சந்தை பக்கம் கொண்டு வந்து விடட்டும், அப்புறம் பேசலாம். சித்தப்பா ரிட்டயர் ஆகுற வரைக்கும் அவரு வேலையை எந்த சென்சாரும் எடுக்காதுன்னு நெனைக்கேன். அதைக் காட்டி அவரை பயமுறுத்துறது நியாயமில்ல.

என் கட்சி காலேஜ் பஸ்ஸுதான். எக்செல் சொன்ன காரணத்துக்காக இல்ல. அதுல சம்பளம் தூரத்துக்கும் இல்ல, நடைக்கும் இல்ல. மெதுவா ஓட்டினா ஒரு ரூபாகூட கொறையாத டிரைவர் வேலை இந்த மூணுல அது ஒண்ணுதான். குறையும் இருக்கு. மே மாசம் பாதிச் சம்பளம்தான். காலைக்கும் சாயந்தரத்துக்கும் நடுவுல ஆறு மணி நேரம் சும்மா கெடக்கணும், அந்த நேரத்துல கூப்பிட்ட வீட்டுக்குக் கார் ஓட்டிக் குடுத்தா கொஞ்சம் தேறும். பேங்க்ல கேட்டு தவணையை 11,000-ல இருந்து 8,000-க்குக் கொறைச்சு வருஷத்தை நீட்டலாம். வட்டி கூடும், தெரியும். அந்தக் கூடுதல் வட்டியை உறக்கத்துக்குக் குடுக்கற விலையா வெச்சுக்கணும்னு திண்ணையில வாதாடினேன். மாமா "படிச்சவன் பேச்சு"ன்னாரு. அப்பா ஒண்ணும் சொல்லல.

நான் இவ்வளவு சத்தமா பேசுறதுக்கு எனக்கு உரிமை இருக்கான்னும் தெரியல. என் முதல் வருஷ ஃபீஸ்ல பாதி அந்த ஜலந்தர் ட்ரிப்புல வந்ததுதான்.

கடைசியில சித்தப்பா அவரே ஒரு வழி சொன்னாரு. சித்தியோட சீட்டு ஆவணியில விழும். அதுவரைக்கும் ரெண்டு ட்ரிப். முன்பணத்தை அடைச்சுட்டு சாவியைக் குடுத்துட்டு பஸ்ஸுக்குப் போறது. அந்தக் காலேஜ்ல விண்ணப்பம் இப்பவே குடுத்து வெக்கச் சொன்னாங்களாம். நான்தான் எழுதிக் குடுத்தேன். பேரு, வயசு, லைசென்ஸ் நம்பர், அனுபவம் 19 வருஷம். கீழ ஒரு கட்டம், முந்தைய வேலையை விடுவதற்கான காரணம். என்ன எழுத சித்தப்பான்னு கேட்டேன்.

"ஒறக்கம்னு எழுது."

"அப்பிடி எழுதினா எடுப்பாங்களா சித்தப்பா?"

கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "அப்போ குடும்பக் காரணம்னு போடு."

அப்படியே போட்டேன். இப்போ அவரு எங்கயோ தெலங்கானாவுல போய்க்கிட்டு இருக்காரு. ஆவணிக்கு இன்னும் ரெண்டரை மாசம் இருக்கு.