புல்லு செத்தாச்சு... மண்ணு?

ஓசூரில் ஒரு செடி வாடினால் போதும், எல்லார் விரலும் சிப்காட் பக்கம் நீளும். கம்பெனிப் புகை, கம்பெனித் தண்ணி! தொழிற்சாலைகளைக் கேள்வி கேட்க வேண்டியதுதான். ஆனால் போன மாதம் கொல்லையில் தன் கையாலேயே அடித்த 'புல்லு மருந்து' பற்றி மட்டும் யாரும் மூச்சு விடுவதில்லை.

மருந்தாம்! கொல்லுகிற சரக்குக்கு மருந்து என்று பெயர். "ஒரு வாரம் விட்டா சரியாப்போயிடும்" என்று யாரோ சொல்வார்கள், உடனே தக்காளி நாற்று நட்டுவிடுவார்கள். எந்த மருந்துக்கு ஒரு வாரம்?

2,4-டி மண்ணில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 10 நாள். மக்காச்சோளத்துக்கு அடிக்கும் அட்ரசினுக்கு 60 நாள், சில மண்ணில் இன்னும் அதிகம். அதாவது 120 நாள் கழித்தும் கால்வாசி மிச்சம்! அதில் பீன்ஸோ தக்காளியோ வைத்தால் இலை வெளுத்துக் கருகும். கிளைபோசேட் வேறு ரகம். மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், வேருக்கு அவ்வளவாகக் கிடைக்காது. செடி நன்றாகவே வளரும். அதனால் மண் சுத்தம் என்று அர்த்தமில்லை.

இந்தியாவில் கிளைபோசேட்டுக்கு அனுமதி தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத இடத்துக்கும்தான். பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமாகத் தவிர யாரும் அடிக்கக் கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணையும் போட்டது. கத்தரிப் பாத்தி இதில் எங்கே வருகிறது?

1971-ம் வருட பூச்சிக்கொல்லி விதிகளின்படி, டப்பாவோடு வட்டார மொழியிலும் அச்சடித்த விளக்கச் சீட்டு இருக்க வேண்டும். பாட்டிலில் சில்லறையாக ஊற்றி வாங்கினால் சீட்டு ஏது? பெயரே தெரியாத விஷத்துக்கு யார் நாள் கணக்குச் சொல்வது?

சரி, அடித்தாகிவிட்டது. இனி என்ன செய்வது? பாத்தியில் நாலைந்து இடத்தில் அரை அடி ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து ஒரு தொட்டியில் போடுங்கள். மருந்து படாத மண்ணை இன்னொன்றில். இரண்டிலும் பீன்ஸ், தக்காளி விதை. 3 வாரம் ஒரே தண்ணீர், ஒரே வெயில். முதல் தொட்டியில் மட்டும் இலை சுருண்டாலோ வெளுத்தாலோ அங்கே காய்கறி வேண்டாம். மக்கிய எரு போட்டு, ஈரம் காயாமல் வைத்து, மறுபடி சோதியுங்கள். நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லச் சிதைக்கும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: இந்தச் சோதனை கிளைபோசேட்டைக் காட்டிக் கொடுக்காது. காயில் எச்சம் உண்டா என்பதை ஆய்வகம்தான் சொல்லும்.

ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி அனுப்பும் விவசாயிக்கு ஏக்கர் கணக்கில் களை, கூலிக்கு ஆள் கிடைக்காது. அவர் மருந்தைத் தேடுவதில் ஒரு நியாயமாவது இருக்கிறது. கொல்லையில் நாலு பாத்தி வைத்திருப்பவருக்கு என்ன நியாயம்? ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் குனிந்து களை பிடுங்க முடியாதவர், 'எங்க வீட்டுக் காய், விஷமே இல்லை' என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது.